மஞ்சளாய் எரிந்த ஹீற்றர்

குளியலறையொன்றில் சவர்க்கார வாசத்தோடு கொஞ்சம் கருகின மணமும் சேர்ந்து வந்தால்... எனக்குச் சண்டிலிப்பாயில் ஒரு வீடு ஞாபகம் வந்துவிடும்.

நான் கேஸ் வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். வீட்டு அடுப்பு, பேக்கரிப் போறணை, சுடுதண்ணீர் ஹீற்றர் என்று எது பழுதென்றாலும் போவேன். பேர்னரைத் துப்புரவாக்கி, கேஸின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, நெருப்பு நீலமாய் நிற்கிற மாதிரி வைத்துவிட்டு வருவதுதான் வேலை. அழுத்தத்தை அளக்கக் கையில் மீற்றர் ஒன்றும் கிடையாது.

அந்த வீட்டில் சிவபாதம் ஐயாவும் அவர் மனைவி பாக்கியம் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காது. பேச்சும் தெளிவில்லை. ஜேர்மனியில் இருந்த மகன் ரமணன், அம்மாவைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டவென்று கப்பலில் ஒரு கேஸ் ஹீற்றர் அனுப்பியிருந்தான். யாரோ ஒருவர் அதைக் குளியலறைச் சுவரில் பூட்டி, சிலிண்டரோடு கொழுவிவிட்டுப் போயிருந்தார்.

நான் போய்த் தண்ணீரைத் திறந்து பார்த்தேன். நெருப்பு மஞ்சளாய், நீளமாய் எழும்பியது. மேலே சுவரெல்லாம் கரி.

கரியைத் துடைத்தேன். றெகுலேற்றர் திருகியைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தேன். மஞ்சள் சுருங்கி, ஓரத்தில் நீலம் தெரிந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

"குளிக்கேக்கை யன்னலைத் திறந்து வையுங்கோ ஐயா."

"அவவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது தம்பி... சரி, பாப்பம்."

தேத்தண்ணீர் தந்தார். தந்துவிட்டுத் தன் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"இப்ப கொஞ்ச நாளாய்க் குளிச்சு முடிஞ்சால் அவ மயங்கிப்போய்க் கிடக்கிறா. ஓங்காளிச்சுச் சத்தியும் எடுக்கிறா. வருத்தம் முத்துதோ எண்டு பயமாக் கிடக்கு."

நான் "கவலைப்படாதையுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் வீட்டில் கையில் இருந்த கரியைக் கழுவும்போதுதான் பொறி தட்டியது. வருத்தக்காரி அம்மா. மயக்கம் வருவது சரி... தைலம் தேய்த்த ஐயாவுக்கு ஏன் தலையிடி? அவரும் அந்த அறைக்குள் நின்றுதானே குளிப்பாட்டுகிறார்?

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே போனேன். முன்கதவு திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம். "ஐயா" என்று கூப்பிட்டேன். பதிலில்லை. குளியலறைக் கதவைத் தள்ளினேன்.

பிளாஸ்ரிக் கதிரையில் அம்மா, தலை தொங்கிப்போய். ஐயா நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. யன்னல் இறுக்கிப் பூட்டியிருந்தது.

கேஸை நிற்பாட்டினேன். அம்மாவைக் கதிரையோடு முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து ஐயாவின் கமக்கட்டுக்குள் கைகொடுத்து இழுத்தேன். என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். இரண்டு பேரும் தப்பினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்குள் நான் ஹீற்றரைக் கழற்றிப் பிரித்துப் பார்த்திருந்தேன். மகன் இருக்கிற ஊரில் வீட்டுக்குக் குழாய்வழி வரும் கேஸ் வேறு. எங்கள் சிலிண்டர் கேஸ் வேறு. பேர்னருக்குள் கேஸை விடுகிற ஜெட்டின் துளை அந்தக் கேஸுக்கென்று போட்டது, எங்கள் கேஸுக்குப் பெரிது. கேஸ் அளவுக்கு மிஞ்சி வர, காற்றுப் போதாமல் அரைகுறையாய் எரிந்து நஞ்சுக் காற்று வந்திருக்கிறது. அதற்கு மணமே இல்லை. நான் அழுத்தத்தைக் குறைத்தது கண்ணுக்கு மட்டும்தான் நல்லாய்த் தெரிந்தது.

சரியான ஜெட் மகனிடம்தான் எடுக்கவேண்டும். ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உது அவன் ஆசையாய் அனுப்பினது. நடந்ததைச் சொல்லிப்போடாதையும். தாங்கமாட்டான்."

வீடியோ கோலில் ரமணனிடம் ஜெட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு ஏதும் நடந்ததோ?"

நான் ஐயாவைப் பார்த்தேன். அப்போது கட்டிலில் இருந்த அம்மா போனுக்குக் கை நீட்டினா. ஒவ்வொரு சொல்லாய், முக்கி முக்கி...

"நல்ல... சுடுதண்ணி... ராசா. நான்... நல்லாய்... இருக்கிறன்."

ஐயா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெட் வந்தது. ஹீற்றரை வெளிச்சுவரில், தாழ்வாரத்தின் கீழே பூட்டி, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே விட்டேன். திறந்ததும் நெருப்பு நீலமாய், குட்டையாய், ஒரே சீராய் நின்றது. அன்றைக்கு அம்மா இன்னும் ஊற்றச் சொல்லிச் சைகை காட்டியதாக ஐயா சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு மயக்கம் வரவில்லை.

அம்மா மூன்று வருடம் இருந்தா. செத்த வீட்டுக்கு வந்த ரமணன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"ஏதோ நடந்திருக்கெண்டு அண்டைக்குக் கோலிலேயே விளங்கினது அண்ணை. வாதம் வந்தாப்பிறகு அம்மா என்னோடை அவ்வளவு சொல்லு ஒருநாளும் கதைச்சதில்லை."

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்நாள் சரிபார்த்துவிட்டுப் போனது நான்தான் என்பதையும். அவன் என் தோளில் கை வைத்தான்.

இப்போது என் பையில் அழுத்தம் அளக்கிற மீற்றர் இருக்கிறது. நஞ்சுக் காற்று என்றால் கத்துகிற சின்னப் பெட்டியும் இருக்கிறது. என்னிடம் வேலை பழகுகிற பெடியள் நெருப்பைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி "அண்ணை, இது சரியோ?" என்று கேட்கிறார்கள். வேலை எவ்வளவோ சுகம்.

அந்த நாளில் என்னிடம் இருந்தது இரண்டு கண் மட்டும்தான்...

அதுவும் ஒரு நாள் பிந்தித்தான் திறந்தது.