பாடாத இரண்டு ஸ்பீக்கர்

கள்ளக்குறிச்சியில் வேன்களுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை வாசலில் அன்றைக்கு நான்கு பேர் இருந்தோம். நான், என் சகலை, கடையில் வேலை பார்த்த தம்பி, என் வேனை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த எங்கள் மாமியார். இன்னும் யாராவது இருந்திருந்தால் என் மானம் இன்னும் கொஞ்சம் போயிருக்கும்.

சகலையும் நானும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். இரண்டு பேருக்கும் வேன் ஓட்டுவதுதான் பிழைப்பு. அவன் பத்து வரை படித்தவன், நான் ஏழோடு நின்றவன். மறு வாரம் மச்சினன் கல்யாணம். வடக்கனந்தலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் யார் வேனில் வருவது என்று மாமியார் இன்னும் வாய் திறக்கவில்லை. பாட்டு நிற்காத வண்டியாக இருக்கட்டும் என்று மட்டும் மச்சினன் சொல்லியிருந்தான்.

என் வண்டியில் பாட்டு நின்று நின்று போனது. சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரியும், எல்லாம் அடங்கிவிடும். கரியாலூர் அருவிக்குப் போன காலேஜ் பையன்கள் பாதி மலையில் என்னை விட்டுவிட்டுச் சகலை வண்டிக்கு மாறியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஒயர் உருகி வண்டி பற்றிக்கொள்ளுமோ என்று ஓட்டும்போதே மோந்து பார்ப்பேன்.

தம்பி பேட்டரி முனையைச் சுரண்டினான். ஃபியூஸ் மாற்றினான். எர்த் ஒயரைப் பெயின்ட் இல்லாத இரும்பில் முடுக்கினான். பாடியது. கூட்டியதும் நின்றது.

"எனுது ஒரு நாள்கூட நின்னதில்ல சகல," என்றான் சகலை, யாரும் கேட்காமலே.

மாமியார் மருமகன்களிடம் நேராகப் பேசமாட்டார். தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா தம்பி, இது பாடறதவிட கம்முனு இருக்கறது ஜாஸ்தியா இருக்குதே. கல்யாண வண்டியா, எழவு வண்டியா?"

தம்பி பின்சீட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். "அண்ணே, நான் மாட்னது நாலு. இது இன்னா ஆறு இருக்குது?"

சகலையிடம் நான்கு இருந்தது. அதனால் உளுந்தூர்பேட்டையில் இன்னும் இரண்டு வாங்கி, அதே ஒயரில் நானே முறுக்கிச் சேர்த்திருந்தேன்.

"சத்தம் நல்லா வரட்டும்னுதான்," என்றேன்.

"இந்த ஆம்பு நாலுதாண்ணே தாங்கும். மேல போட்டா சூடாயி, அதுவே நிறுத்திக்கும்."

இரண்டின் ஒயரையும் பிரித்துவிட்டுக் கூட்டினான். கடைப் பலகை அதிரப் பாடியது. நிற்கவில்லை.

"அப்ப ரெண்டு பேருக்கும் சமம்," என்று சகலை சிரித்தான். அந்தச் சமம்தான் எனக்கு ஆகவில்லை. அவன் டீ சொல்லப் போனதும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்பீக்கரக் கழட்டாத. அங்கயே இருக்கட்டும்."

"பாடாதேண்ணே."

"பாக்கறதுக்கு இருக்கட்டும்."

மாமியார் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "தம்பி, அவுருகிட்ட சொல்லு," என்றார். "பொண்ணு மாப்ள அவுரு வண்டியிலயே வரட்டும். இல்லன்னா எட்டு மாட்டிக்கினு வந்து நிப்பாரு."

கல்யாணத்தன்று அவர்கள் என் வேனில்தான் வந்தார்கள். பாட்டு ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனாலும் பின்னால் வந்த சகலையின் பாட்டுதான் என்னுடையதைவிடத் தெளிவாகக் கேட்பதுபோல வழியெல்லாம் பட்டது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், அவனும் கூட்டினான். பாடாத அந்த இரண்டு ஸ்பீக்கருக்கு உளுந்தூர்பேட்டைக் கடையில் இன்னும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி.