செவலை திரும்பிப் பார்த்தது

எங்கள் நாய் செவலைக்கு இடுப்புக்குக் கீழே உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு, மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த வயதில் வேறு யாருக்கும் இவ்வளவு பெரிய உத்தியோகம் கிடைத்திருக்காது.

செவலை எனக்கு மூத்தது. ஒருநாள் காலை கொல்லையின் கல் கட்டுமேலிருந்து குதித்தது. முன்னங்கால் இரண்டும் நடந்தன, பின்னங்கால்கள் கூடவே தரையில் இழுபட்டு வந்தன. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் போடற மாரி முதுவுல ரெண்டு சூடு போடு, எய்ந்து ஓடும்" என்றார். அப்பாவோ செவலையை ஒரு பலகையில் படுக்கவைத்து, புளி மூட்டை ஏற்றிப்போன வண்டியில் மலையடிவாரத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார். வாலைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன்.

டாக்டரம்மா மறைக்காமல் பேசினார். முதுகெலும்பு நடுவில் ஒரு வில்லை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. ஆபரேஷன் பெரிய ஊரில்தான், செலவு தாங்காது. செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: மாத்திரை கொடுத்து ஆறு வாரம் நகரவிடாமல் அடைத்து வைப்பது. அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும் என்று சொல்லி, செவலையின் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். கால் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் கைதட்டினேன்.

"ஏமாந்துடாதே பாப்பா. அது கால் தானா பண்ற வேலை. நீ முகத்தைப் பாரு. வலிச்சா திரும்பிப் பார்க்கும். பார்த்தா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

பார்க்காவிட்டால்? அதை அவர் அப்பாவிடம்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி. ரெண்டு வாரம் பார்க்கலாம், இல்லையென்றால் கஷ்டப்படுத்தாமல் ஊசி போட்டுவிடலாம். என் காது சும்மா இருக்குமா, கேட்டுவிட்டது.

தலைக்குத் தெரியாமல் கால் எப்படி ஒரு வேலை செய்யும்? எனக்கு அது தீராத ஆச்சரியமாகிவிட்டது. என்னையே கிள்ளிப் பார்த்தேன். ஆட்டுக்குட்டியைக் கிள்ளினேன். வகுப்பில் பக்கத்திலிருந்தவர்களைக் கிள்ளினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டு பேர் அடிக்கவும் செய்தார்கள்.

ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் மூங்கில் படலுக்குள் சாமை வைக்கோல் பரப்பிச் செவலையைப் படுக்கவைத்தோம். வெளிக்குப் போக அம்மாவின் பழைய சேலையை வயிற்றுக்கடியில் கொடுத்து இடுப்பைத் தூக்கிப் பிடிப்போம். மூத்திரம் வராத நாட்களில் அப்பா அடிவயிற்றை மெல்ல அமுக்கி எடுத்தார். புளி உலுக்கும் காலம் என்பதால் பகலெல்லாம் நான்தான் காவல். காலையும் மாலையும் கிள்ளினேன். கால் இழுத்துக்கொள்ளும்; முகம் மட்டும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அழுகை வரும்.

பதினைந்தாம் நாள், கிள்ளும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அப்பா போனோடு படலுக்குள் போய் உட்கார்ந்தார். "நீ அந்தாண்ட போய் நில்லும்மா" என்றார். நான் படலுக்கு வெளியே, வால் பக்கமாகப் போய் நின்றேன். இடுக்கில் செவலையின் பிடரி மட்டும் தெரிந்தது. அது அசையக் காணோம். சோறு வைக்கும்போது நாக்கைத் தட்டி நான் எழுப்பும் ஒரு சத்தம் உண்டு. அதை எழுப்பினேன்.

பிடரி அசைந்தது. செவலை என்னைத் திரும்பிப் பார்த்தது.

"பாத்துச்சு" என்றார் அப்பா. அம்மா ஓடிவந்து, "இன்னா, நெசமாவா?" என்றாள். "அதான் பாத்துச்சே, போன்லயே கீது." சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி வீடியோவை அனுப்பிவிட்டு வந்தார். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. அப்பா, அம்மா, டாக்டரம்மா மூன்று பேரையும் ஒரே சத்தத்தில் ஏமாற்றிவிட்டேன் என்ற பயத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது வாரம் வழக்கம்போலக் கிள்ளினேன். செவலை சடாரென்று திரும்பி என் கையைக் கவ்விவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே ஓடினேன், அம்மா பயந்துபோனாள். கடைசியில் ஊசி போட்டுக்கொண்டது நான்தான். செவலை குடிகாரன் நடை நடந்து, இன்னும் இரண்டு புளிக்காலம் பார்த்தது.

அந்த வீடியோ அப்பாவின் பழைய போனில் இன்னும் இருக்கிறது. போன மாதம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அதில் காலும் இல்லை, கிள்ளுகிற விரலும் இல்லை. என் நாக்குச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. ஆனால் அதற்கு முன்னாலேயே, புளிக்கறை படிந்த ஒரு கட்டைவிரல் செவலையின் தாடைக்கடியில் நுழைந்து, முகத்தை மெல்லத் திருப்பத் தொடங்கிவிடுகிறது. டாக்டரம்மாவுக்குப் போனதும் இதே வீடியோதான்.