ரெகே குழுவுக்குச் சமைத்தவன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டெக்சஸில், இர்விங்கில் இருக்கிறேன். பிளானோவில் ஒரு கடையின் சமையலறையில் வேலை. இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் பர்மிங்காமில் கிடந்தபோது, ஒரு ரெகே இசைக்குழுவுக்குச் சமைத்தேன். ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், ஒரே தெருக்காரர் ஐந்து பேர். இரண்டு இசைத்தட்டுகள் போட்டிருந்தார்கள். பழைய வான் வண்டியில் ஊர் ஊராகப் போவோம். ஸ்பீக்கர் பெட்டிகளையும் நான்தான் தூக்குவேன்.

பாடகர் தன் மதத்தில் கண்டிப்பானவர். இறைச்சி, மீன், உப்பு எதுவும் தொடமாட்டார். உப்பில்லாத பருப்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துக் கொடுப்பேன். டிரம்மர் பகிடிக்காரர். "ஒருநாள் உனக்கே தெரியாமல் மீன் ஊட்டுகிறேன் பார்" என்று பாடகரைச் சீண்டுவார்.

ஒரு மத்தியானம், மூன்று நாள் அலைச்சலுக்குப் பிறகு, ஒரு மண்டபத்தின் பின்பக்கம் தேங்காய்ச் சம்பல் இடித்தேன். எனக்கென்று வைத்திருந்த மாசிக் கருவாட்டுத் தூளை, வீட்டுப் பழக்கத்தில், கை தானாக அள்ளிப் போட்டுவிட்டது. எனக்கே தெரியவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது டிரம்மர். பாடகர் ஒரு வாய் வைத்தார், துப்பினார்.

"நீதானே?" என்று டிரம்மரைக் கேட்டார்.

டிரம்மர் முதலில் சிரித்தார். பிறகு அடுப்பருகே திறந்து கிடந்த மாசிப் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொட்டலத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் போக வேறு இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் அகப்பையோடு நின்றேன். வாய் வரவில்லை.

அன்றே அவர் விலகினார். வேறு டிரம்மர் வந்தும் அந்தத் தாளம் வரவில்லை. இரண்டு வருடத்தில் குழு கலைந்தது. தன் நம்பிக்கையைக் கேலி செய்த டிரம்மரால்தான் குழு உடைந்தது என்று பாடகர் பேட்டிதோறும் சொன்னார். அதுவே வரலாறாகிவிட்டது.

டிரம்மர் போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய மகள் குழுவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறாள். எப்படியோ என் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். "அப்பா உண்மையாகவே அப்படிச் செய்தாரா?" என்று கேட்டாள். ஞாபகமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஞாபகமில்லையோ? கலியாணம் கட்டின நாளிலயிருந்து நித்திரையில புலம்புறீங்கள். எனக்கே எல்லாம் பாடமாகிட்டுது."

"எப்பிடியப்பா போன்ல சொல்லுறது? வாய் வராது."

"வாய் வராட்டி எழுதுங்கோ. எங்கட பிள்ளை இங்கிலீஷில மாத்தி அனுப்புவாள்."

களைப்பாக இருக்கிறது. வேலை முடிந்து வந்து மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

மகளே, அந்தச் சம்பலில் மாசி போட்டவன் நான். உங்கள் அப்பா எனக்காக வாயை மூடிக்கொண்டார். புத்தகத்தில் அப்படியே போடுங்கள். பாடகருக்கும் இதில் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

2024 நவம்பர் 17, ஞாயிறு