எந்த பெக்டரித் துவக்கு

பதுளை பஸார் வீதியில் நின்று ‘துவக்கு பஸீல்’ எங்கே என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைக் காட்டும். காட்டிய இடத்தில் இருப்பது ஓர் இரும்புக் கடை. ஆணி, முள்ளுக்கம்பி, தகரம், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாம் இருக்கும், சுடுகிற துவக்கு மட்டும் இருக்காது. வாழ்நாளில் ஒரு துவக்கைத் தொட்டும் பார்க்காத மனுஷனுக்கு எப்படி இந்தப் பட்டம் வந்தது என்றால், அவரே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டதுதான்.

சோவியத் காலத்துப் பட்டாளத் துவக்குகள் என்றால் பஸீலுக்குப் பைத்தியம். வெளிநாடுகளில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் பழைய துவக்குகளையே வாங்கிச் சுவரில் மாட்டிவைக்கிறார்களாம். இங்கே பன்றி விரட்ட ஒரு துவக்கு வைத்துக்கொள்வதற்கே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். ஆகவே அவர் துவக்கைச் சுற்றியிருந்ததையெல்லாம் சேர்த்தார். தோளில் மாட்டும் வார், தோட்டா வைக்கும் கித்தான் பை, எண்ணெய்க் குப்பி என்று எல்லாம் வந்து சேர்ந்தன. கட்டாரில் இருக்கும் மச்சான் அனுப்பியது பாதி, எல்லவுக்குச் சுற்றுலா வரும் ரஷ்யர்களிடம் கெஞ்சிக் கேட்டு வரவழைத்தது பாதி. யானையே இல்லாதவன் பெட்டி நிறைய அங்குசம் வைத்திருந்த கதை.

அவற்றை வைத்துக்கொண்டு அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: எது எந்த ஆலையில் செய்தது என்று பார்ப்பது. நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் தூலா நகரத்து ஆலை. முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். தகரக் குப்பியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடியைப் பிடித்து, நட்சத்திரமா முக்கோணமா என்று தேடுகிற நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். கடன்காரன் வாசலில் நின்றாலும் தெரியாது.

“ஒங்கட பைத்தியத்துக்கு மருந்து பதுளை ஆஸ்பத்திரியில இல்ல,” என்பார் அவர் மனைவி றஷீனா.

ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் வீடுகளையெல்லாம் பொலிஸார் சோதித்த அந்த வருஷம் இந்த வீட்டுக்கும் வந்தார்கள். குப்பிப் பெட்டியைக் கண்டதும் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. துவக்கு எங்கே என்று கேட்டார். இல்லை சேர் என்றார் பஸீல். துவக்கில்லாதவனுக்கு எண்ணெய் எதற்கு என்று அதிகாரி திருப்பிக் கேட்டதும், நடுங்கிக்கொண்டிருந்த றஷீனாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரித்துக்கொண்டே போனார். அன்று பின்னேரமே பெட்டி வீட்டைவிட்டு வெளியேறிக் கடையில் ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது.

இப்போது பஸீலுக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் பிடித்துக்கொள்கிறது. டொலர் ஏறியதிலிருந்து வீடு கட்டுகிறவனும் இல்லை, கம்பி கேட்கிறவனும் இல்லை. காலையில் கடை திறக்கும்போதே அலுப்பு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறது. அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆசை. யாராவது ஒருவர், ஒருநாள், தாமாகவே வந்து “இது எந்த பெக்டரி?” என்று கேட்கவேண்டும். இத்தனை வருஷத்தில் பதுளையில் ஒரு குஞ்சும் கேட்டதில்லை. அவர் ஆரம்பித்தாலே ஆட்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் செசிலி வந்தது ஒரு மழைநாளில். கவ்வாத்துக் கத்தியும் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துக்கு ஆணியும் வாங்க வருகிற பழைய வாடிக்கை. அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

“மொதலாளி, நீங்கதான் ரஷ்யாத் துவக்கப் பத்தி எல்லாம் படிச்சவராமே. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஏம் மவன்.”

மகன் றுஷாந்தன். எல்லவில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். பட்டாளத்துச் சமையலறையில் வேலை, நல்ல சம்பளம் என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பி ரஷ்யாவுக்குப் போனான். கொஞ்ச நாளாகப் பேச்சில்லை. நேற்று இந்தப் படம் மட்டும் வந்திருக்கிறது. கரண்டி பிடிக்கப் போன பையன் பட்டாள உடுப்பில் நிற்கிறான். நெஞ்சோடு அணைத்த மாதிரி ஒரு நீளத் துவக்கு.

“சண்டைக்கு வுட்டுட்டாங்களான்னு பாத்துச் சொல்லுங்க மொதலாளி. ராவெல்லாம் கண்ணே மூடல,” என்றாள் செசிலி.

பஸீல் படத்தைப் பெருப்பித்தார். பெருப்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய மோசின் துவக்கு! முழு மரக்கட்டை, நீளக் குழல், பூட்டுப்பகுதி வட்டமில்லாமல் பட்டை பட்டையாக இருந்தது. அப்படியென்றால் இரண்டாம் உலக யுத்தத்துக்கும் முந்தியது. அவருடைய குப்பிகளும் வார்களும் எந்தத் துவக்குக்காகச் செய்யப்பட்டனவோ அதே துவக்கு, தனக்குத் தெரிந்த ஒருவனின் கையில்! பூதக்கண்ணாடியை எடுத்துப் போனுக்கு மேல் பிடித்தார். குழலின் அடியில் ஒரு முத்திரை, மங்கலாக. நட்சத்திரமா? முக்கோணமா?

“நட்சத்திரம்! பாருங்க தங்கச்சி, நட்சத்திரந்தான். தூலா! இது லேசில கெடைக்கிற சாமானில்ல. ஜெர்மன்காரன் கிட்ட வந்த நேரம் அந்த பெக்டரியவே பேத்துக் கெழக்குப் பக்கம் கொண்டு போனாங்க. அதுக்குப் பொறகு செஞ்சதெல்லாம் அவசரத்துல செஞ்சது. இது முந்தினது, நல்ல வேலைப்பாடு.”

“தேத்தூளு மாதிரிங்களா? ஒரே மலக் கொழுந்துதான், ஆனா பெக்டரிக்கு பெக்டரி தூளு வேற,” என்றாள் அவள்.

பஸீல் பூரித்துப்போனார். ஆயுளில் முதல்முறையாக ஓர் ஆளுக்கு விளங்கிவிட்டது! ஆணிப் பெட்டிகளைத் தள்ளிக் குப்பிகளை எடுத்துப் பரப்பினார். தூலாவைக் காட்டினார், இஷெவ்ஸ்கைக் காட்டினார். அந்த நேரம் முழுக்கத் துவக்குக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் முகம் இருந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. ஓய்ந்து நிமிர்ந்தபோதுதான் செசிலியின் கண்களைக் கண்டார். அவள் குப்பிகளைப் பார்க்கவில்லை. இவருடைய முகத்திலிருந்த சந்தோஷத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி என்று நம்பிவிட்டாள்.

அந்த நம்பிக்கையை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

“பயப்பட வாணாம். இது கெழட்டுத் துவக்கு. சண்டைக்குப் போறவனுக்கு இதக் குடுக்க மாட்டாங்க. சும்மா காவலுக்கு, பழக்குறதுக்கு வச்சிருக்கிறது. முன்னுக்கு அனுப்புறவனுக்குப் புதுசு குடுப்பாங்க. அது கறுப்பா, கட்டையா இருக்கும். மரமே இருக்காது.”

அதில் பாதி அவருக்குத் தெரிந்தது, பாதி அவர் ஆசைப்பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

செசிலி அழுதுகொண்டே சிரித்தாள். ஞாயிறு பூசையில் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். லயம் முழுக்கப் போனைக் காட்டி, ‘மரத் துவக்குத்தான், மரத் துவக்குன்னா பயமில்ல’ என்று சொல்லித் திரிந்தாளாம். அடுத்த முறை வந்தபோது ஒரு பை நிறைய ஆனைக்கொய்யாப் பழம் கொண்டுவந்து வைத்தாள். பஸீலால் அதைச் சாப்பிட முடியவில்லை.

“அந்தப் புள்ளைக்கிட்ட என்னத்தச் சொல்லி வச்சீங்க?” என்று றஷீனா கேட்டார்.

“நல்லதத்தான் சொன்னேன்.”

“ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

பஸீல் ஆனைக்கொய்யாப் பையை அவர் பக்கம் தள்ளிவைத்தார். அன்றிலிருந்து குப்பிப் பெட்டியைத் திறக்கவில்லை. இரண்டாவது படம் வந்துவிடக்கூடாதே என்று தொழுகைக்குப் பிறகு கையேந்தினார். பிள்ளை பத்திரமாக இருக்கவேண்டும் என்றல்லவா முதலில் கேட்டிருக்கவேண்டும் என்று அப்புறம் நினைத்து, அதையும் சேர்த்துக் கேட்டார்.

மழை விட்டு, மலைகளில் கவ்வாத்து தொடங்கியபோது செசிலி வந்தாள். காலையில் தோட்டத்து ஆள்கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது. இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. பையைப் பிரித்துப் போனை மேசையில் வைத்தாள்.

றுஷாந்தன் மெலிந்திருந்தான். பின்னால் இலையில்லாத மரங்கள், சேறு. கையில் ஒரு கட்டைத் துவக்கு, முழுக் கறுப்பு.

பஸீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். “படம் இருட்டா இருக்கு தங்கச்சி. அதால கறுப்பாத் தெரியுது. இதுவும் பழசுதான் போல…”

“மரம் இல்லைங்களே மொதலாளி.”

“இல்ல, சிலதுல…”

“நீங்கதானே சொன்னீங்க.” அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன். எங்கயாச்சும் ஒரு துண்டு மரம் இருக்கான்னு. இல்லைங்க.”

வெளியே நமுனுகுல பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் அதில் ஏற எழும்பவில்லை. கம்பிச்சுருளின் மேல் உட்கார்ந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் அவர் பூதக்கண்ணாடி வைக்கும் இடம் ஞாபகம் வந்ததுபோல எழுந்து, தானே அதை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“எந்த பெக்டரின்னு பாருங்க மொதலாளி,” என்றாள். “நல்ல பெக்டரிங்களா? நேரத்துக்கு சிக்கிக்காம சுடுமா?”

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி. பஸீலின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. நட்சத்திரமும் தெரியவில்லை, முக்கோணமும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியைப் போனுக்கு மேல் பிடித்தபடியே இருந்தார்.

“நல்ல பெக்டரி, தங்கச்சி,” என்றார். “நல்ல பெக்டரிதான்.”