மஸ்கட்டில் தெரிந்த தூளி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மகள்மேல் ஆணையாக இது எனக்கு நடந்தது. 2006, ஐப்பசி மாதம். காஞ்சிபுரம் ரங்கசாமி குளம் பக்கத்தில் ஒரு வாடகை வீடு.

என் கணவர் ஆதிகேசவன் மஸ்கட்டில் வேலை பார்த்தார். பிறந்து மூன்று மாதமான மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளையின் படம் யாருடைய இணையதளத்திலோ கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவள்தானே, வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வர் ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன். உள்ளறைத் தூளிக்கு எதிரே சுவரில் ஒரு வெப்கேமரா. அங்கே அவர் இந்தக் கம்ப்யூட்டரின் முகவரியை அடித்தால் இங்கே பிள்ளை தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? லினக்ஸை மூன்று முறை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். என் வீட்டில் பக்கம் திறந்தது. வெளியே யாருக்கும் திறக்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே வர மோடத்தில் வழியைத் திறந்துவிட்டால் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் அவர் அடிக்க வேண்டிய இணைப்பு எண் மாறியிருக்கும். புது எண்ணை அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் போகும். விட்டுத்தொலை, போட்டோவைக் கொரியரில் அனுப்பு என்று அவரே சலித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, கூடத்தில் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் இரண்டேகால். போன் அடித்தது.

"துளசி... தெரியுது." அவர் குரல்தான். "பாப்பா தூளியில தூங்குது."

ஒரு நொடி சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது. "இங்க கரண்டே இல்லீங்க."

"நீ ஆட்டிக்கினு இருக்கியே, பாக்கறேனே."

"நான் கூடத்துல, போன்கிட்ட நிக்கிறேன்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்...

"அப்ப தூளிகிட்ட யாரு?"

உள்ளறையில் தூளிக் கொக்கி. கிறீச்... கிறீச்...

ஓடினேன்.

நான் உள்ளறை வாசற்படியை மிதித்ததும் தூளி நின்றது.

பிள்ளை விழித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கமலாட்சி அக்காவிடம் ஓடினேன். சாயங்காலம் டெலிபோன் லைன்மேன் நமச்சிவாயம் வந்தார். மதியம் போன் வந்ததாகச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"பள்ளம் தோண்டறப்ப போன் கேபிள் அறுந்துபோச்சுமா. காலையில இருந்து இந்தத் தெருவுக்கே லைன் கிடையாது."

அக்காவின் செல்போனில் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் மதியம் எனக்குப் போன் செய்யவே இல்லையாம்.

"நீதான பண்ண? ரெடி ஆயிடுச்சி, பாருங்கன்னு சொன்ன. பாத்தேனே துளசி. பாப்பாவத் தூக்கிக் காட்டினியே..."