முதல் அடி

கதவை ஒரே அடியில் திறக்க வேண்டும். எங்கள் குழுவில் என் வேலை அவ்வளவுதான். ஆயுதத்தோடு யாராவது வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தால் தேனியிலிருந்து ஆறு போலீஸ்காரர்கள் போவோம். வரிசையில் முதல் ஆள் நான். என் கையில் இரண்டு பிடி வைத்த கனமான இரும்பு உருளை; உலக்கை என்போம். நான் அடித்துவிட்டு ஒதுங்க, கேடயத்தோடு இரண்டாம் ஆள் உள்ளே பாய்வான். உள்ளே இருப்பவன் சுதாரிப்பதற்குள் மடக்கிவிட வேண்டும். மற்ற நாளெல்லாம் திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்போம் என்பது வேறு விஷயம்.

தாழ்ப்பாளுக்கு நேராக அடி, வேறெங்கும் அடிக்காதே. இதுதான் பாடம். பாழடைந்த போலீஸ் குவார்ட்டர்ஸ் கதவுகளில் அடித்துப் பழகியபோது நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

கடமலைக்குண்டு பக்கம் ஒரு கிராமம். குடிவெறியில் ஒருவன் மனைவியை வெளியே தள்ளிவிட்டு, நான்கு வயது மகளை வைத்துக்கொண்டு உள்ளே தாழிட்டுவிட்டான். கையில் அரிவாள். காலையிலிருந்து பேசிப் பார்த்தார்கள். பதினொரு மணிவாக்கில் பிள்ளையின் அழுகை நின்றுபோனது. இனிப் பேச்சில்லை என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெட்டிப்புடுவான் சார், சீக்கிரம் போங்க சார்" என்று அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கதவின் முன் நின்றேன். கேடயக்காரன் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினான். தயார் என்று அர்த்தம். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். உலக்கையை வீசினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. தாழ்ப்பாளுக்கு நேராக, கதவின் வெளிப்பக்கத்தில், மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு. விடியற்காலையில் அந்தப் பெண் வைத்தது. என் வீட்டுக் கதவிலும் என் மனைவி அப்படித்தான் வைப்பாள். நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாக ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. பலகை பிளந்தது, தாழ்ப்பாள் அசையவில்லை.

இரண்டாவது அடியைப் பொட்டின் மேலேயே போட்டேன். கதவு திறந்தது. அதற்குள் அவன் எழுந்துவிட்டான். அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்த பிள்ளையின் மேல் அரிவாளை ஓங்கினான். கேடயத்தைத் திருப்ப நேரமில்லாமல் என் நண்பன் வெறுங்கையைக் குறுக்கே நீட்டினான். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. நண்பனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

முதல் அடி ஏன் தவறியது என்று அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார்.

"பழைய தேக்கு சார். கெட்டிக் கதவு" என்று நண்பன் எனக்கு முந்திக்கொண்டான்.

அது வெறும் வேப்பம்பலகை. அவமானமாக இருந்தது. அதிகாரி போன பிறகு அவனிடம் உள்ளதைச் சொன்னேன்.

"தெரியும்லே. ஒன் தோளுக்கு மேல நானும் பாத்தேன்ல. நானா இருந்தாலும் அங்கன அடிச்சிருக்க மாட்டேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கோ கோபம் வந்தது. அவன் என்னைத் திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

இப்போது அவனுக்கு ஆபீசில் வேலை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறான். குழுவிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி எழுதிய மனுவை அவன் மேஜையில்தான் கொடுத்தேன். படித்துப் பார்த்தான். மேலே அனுப்பாமல் மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"போ லே. இனிமே ஒன் அடி தப்பாது."