போஞ்சியைக் கடித்துக் காட்டுகிறவர்

"…காயக் கழுவிரலாம் மொதலாளி, மண்ண யாரு கழுவுறது?" என்று கேட்டார் எனக்கு மரக்கறி தந்த தோட்டக்காரர்.

புளத்கொகுபிட்டியவில் நான் கடை வைத்திருந்தபோது, அவருடைய மரக்கறித் தோட்டத்தில் பங்கு சேர்ந்திருந்தேன். போகத் தொடக்கத்தில் பணம் கட்டினால், பூச்சிமருந்தடிக்காத மரக்கறி ஞாயிறுதோறும் ஒரு பை கிடைக்கும். நெட்டையான மனிதர்; கழுத்துப் பொத்தான்வரை போட்ட காக்கிச் சட்டை. பையை நீட்டுமுன் அதிலிருந்து ஒரு போஞ்சிக் காயை எடுத்து, நம் கண்முன்னே பச்சையாகக் கடித்துத் தின்பார். அதுதான் அவர் தரும் ரசீது என்று நாங்கள் சிரிப்போம்.

அந்த வாரம் மேலே தேயிலைத் தோட்டத்து மலையில் புல் சாக மருந்து அடித்திருந்தார்கள். அன்றே பெய்த மழை அதை அப்படியே அவர் பாத்திகளுக்குள் இறக்கிவிட்டது.

"தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிப் பாருங்களேன்," என்றேன்.

"என்னான்னு சொல்றது? மலையும் தோட்டத்தோடது, நான் கொத்துற இந்தத் துண்டும் தோட்டத்தோடது."

காலிப் பையோடு நின்றேன். போஞ்சி என்னவோ பளபளவென்றுதான் தொங்கியது. ஒன்றைப் பறித்து வாய்வரை கொண்டுபோனார், கடிக்கவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, முதல் கொடியை வேரோடு பிடுங்கினார்.